அஞ்சுதான் காட்டும்

அந்தப் பையைக் கால்ல தள்ளீறாதீங்க தம்பி. உள்ள மீட்டர் இருக்குது. ஆமாங்க, வோல்டேஜ் பாக்கற மீட்டருதான். குடுங்க, மடியிலயே வெச்சுக்கறேன். இந்த பஸ்ஸு குதிக்கற குதிக்கு மேல வெச்சா முள்ளு ஒடஞ்சு போயிரும். அட, இதுல முள்ளு ஏதுங்க, இது எண்ணு காட்டற மீட்டரு. பழக்க தோசத்துல வாய் அப்படி வருது.

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, எனக்குக் காது மந்தம். வயசெல்லாம் மோட்டார் பக்கத்துலயே நின்னு போச்சு. அன்னூர்ல வந்து சபாபதி காயில் ஒர்க்ஸ்னு கேளுங்க, சின்னப் புள்ளையும் வழி காட்டும். நாந்தானுங்க சபாபதி. எரிஞ்ச மோட்டாருக்கு மறுக்கா காயில் கட்டறது நம்ம தொழிலு. கிணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, மாவு மில்லு மோட்டாரு, எது வந்தாலும் மூடியைக் கழட்டி மோந்து பாத்தே சொல்லிருவேன், எதனால போச்சுன்னு.

நீங்க ஓசூருங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். என்ற பொண்ணு அங்க இருக்கறா. என்ன வேலைங்க உங்களுக்கு? சத்தமா. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியா? போர்டு டெஸ்டிங்கா? அடடா. அப்ப சாமியாப் பாத்துத்தான் உங்களை என்ற பக்கத்துல உக்கார வெச்சிருக்குது. உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கணும். படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும்.

என்ற சம்சாரம் வசந்தாமணிக்குப் போன ஐப்பசில பக்கவாதம் வந்துருச்சுங்க. வலது பக்கம் மொத்தமாப் போச்சு, பேச்சும் போச்சு. எடது கை மட்டும் அசையும். நெம்பப் பேசற பொம்பள அவ. வாயத் தொறந்தா மூட மாட்டா, எனக்குக் காது போனதுக்குப் பாதிக் காரணம் மோட்டாரு, மீதி நீன்னு கேலி பண்ணுவேன். அவ பேச்சு நின்னப்பறம் ஊடு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க.

படுத்தே கெடக்கறவங்களுக்கு ஒரே எடத்துல அழுந்தி முதுகுல புண்ணு வரும்னு காத்துப் பெட்டு வாங்கினோம். பாத்திருக்கறீங்களா? குழாய் குழாயா இருக்கும், ஒண்ணு மாத்தி ஒண்ணு காத்து ஏறி எறங்கும். அதுக்குக் காத்தடிக்க ஒரு பொட்டி ஒட்டுக்கா வந்துச்சு, கரண்டுல ஓடறது. எங்க ஊர்ல மழை பேஞ்சா கரண்டு இருக்காது. கரண்டு போனாப் பெட்டு சப்பையாயிரும்.

இதைப் பாத்துட்டுத்தான் என்ற பொண்ணு சிவரஞ்சனி லீவு போட்டுட்டு வந்தா. அவளும் உங்களாட்டந்தான், ஓசூர்ல ஒரு கம்பெனில போர்டு டிசைன் பண்ணிட்டு இருந்தா. வந்தவ அந்தப் பொட்டிக்குப் பதிலா, டயருக்குக் காத்தடிக்கறாங்கல்ல, குட்டி மோட்டாரு, அதுல ஒண்ணு வாங்கினா. பன்னெண்டு வோல்ட்டு. என்ற கடைல இருந்து ஒரு பேட்டரி எடுத்துக்கிட்டா. நடுவுல வெக்கறதுக்கு ஒரு போர்டு, தானே செஞ்சா. சமையக்கட்டு மேடை மேல உக்காந்து போர்டுக்கு ஈயம் பத்த வெச்சுட்டு இருந்தவளை வசந்தாமணி படுத்தவாக்குல பாத்துக்கிட்டே இருந்தா. முடிச்சு மாட்டி ஓட விட்டதும் எடது கையால அவ கன்னத்தைத் தடவினா. நானும் பக்கத்துலதான் நின்னேன். என்னையத் தடவலைன்னு சொல்லலீங்க, சும்மா ஞாபகம் வந்துச்சு.

நான் கேட்டேன், "மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவுல இது என்னத்துக்கு அம்முணி?"

அவ சொல்றா, "அப்பா, இந்த மோட்டாரு கொஞ்ச நேரம் ஓடி நிக்கறதுக்குச் செஞ்சது. நாள் பூரா முழு வேகத்துல ஓட்டினாத் தாங்காது. அதனால இந்த போர்டு விட்டு விட்டுக் குடுக்குது. பன்னெண்டு குடுக்கும், நிறுத்தும், பன்னெண்டு குடுக்கும், நிறுத்தும். கண்ணுக்குத் தெரியாத வேகத்துல. மோட்டாரு சாந்தமா ஓடும்."

சாந்தமா ஓடறதுக்கு அது மோட்டாரா, சாமியாரான்னு கேட்டேன். சிரிச்சா. ஊருக்குக் கெளம்பறப்ப வாசல்ல நின்னுட்டு, "போர்டை மட்டும் தொடாதீங்கப்பா"ன்னா. பாருங்க தம்பி, ஆயிரம் மோட்டாரைப் பிரிச்சுக் கட்டின கைய்யி இது. இதைப் பாத்துத் தொடாதீங்கப்பான்னா. சரி, புள்ளதானேன்னு உட்டுட்டேன்.

ஆனா மனசு கேக்கலீங்க. பெட்டு ஏறுது எறங்குது, எல்லாம் சரிதான். மோட்டாரு சத்தம்தான் பத்தலை. காதை ஒட்ட வெச்சாத்தான் எனக்கு மொணமொணன்னு கேக்குது. ஒரு நா மீட்டரை எடுத்தேன். இதே மீட்டருதான். அவ மொதச் சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்தது. மோட்டாரோட ரெண்டு முனைலயும் ஊசியை வெச்சேன். எவ்வளவுன்னு நெனைக்கறீங்க?

அஞ்சு.

பேட்டரில வெச்சா பன்னெண்டரை. மோட்டார்ல வெச்சா அஞ்சு. கடைல இருந்து பழைய முள்ளு மீட்டரைக் கொண்டாந்து வெச்சேன். அதுலயும் முள்ளு நேராப் போயி அஞ்சுலயே நிக்குது. ஆடலை, அசையலை. இப்ப நீங்களே சொல்லுங்க. விட்டு விட்டுக் குடுத்தா முள்ளு பன்னெண்டுக்குப் போயிப் பூஜ்யத்துக்கு வரணுமில்லீங்க? கண்ணுக்குத் தெரியாத வேகமாம். மீட்டருக்குக் கூடவா தெரியாது?

சித்த இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன். லோ வோல்டேஜ்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி, எனக்குத் தெரியும். எங்க பக்கம் கோடைல லைன்ல வோல்டேஜ் பாதிதான் வரும். வெவசாயிக பயிர் காயுதேன்னு மோட்டாரைப் போட்டு உட்ருவாங்க. அது இழுக்க முடியாம தெணறும், காயில் சூடாகும், கருகும். சாயங்காலம் டெம்போல ஏத்திக்கிட்டு என்ற கடை வாசல்ல நிப்பாங்க. லோ வோல்டேஜ்தானுங்க மோட்டாருக்கு எமன். நான் சோறு தின்னதே அந்த எமன் புண்ணியத்துல.

அப்படி இருக்கறப்ப, என்ற சம்சாரம் படுத்திருக்கற பெட்டுக்குப் பன்னெண்டு வோல்ட்டு மோட்டாரை அஞ்சுல ஓட்டிக்கிட்டு இருக்கறா என்ற பொண்ணு. பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?

போர்டைக் கழட்டி ஓரமா வெச்சேன். பேட்டரில இருந்து மோட்டாருக்கு டைரக்டாக் குடுத்தேன். அட, என்ன சத்தமுங்க! எனக்கே கேட்டுச்சு. வசந்தாமணி தூக்கத்துல இருந்து முழிச்சுப் பாத்தா. மீட்டரை வெச்சேன், பன்னெண்டரை. அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு.

போன் பண்ணிச் சொல்லலாம்னு எடுத்தேன். அப்பறம் வேண்டாம்னு உட்டுட்டேன். செஞ்சது தப்புன்னு போன்ல சொன்னா சின்னப் புள்ள, மனசு ஒடஞ்சு போகும். நேர்ல வர்றப்பப் பக்குவமாச் சொல்லிக்கலாம்.

எங்க ஊட்டுக்கு மயிலாத்தான்னு ஒரு அம்மா வரும். வசந்தாமணியைக் குளிப்பாட்டறது, பொரட்டிப் படுக்க வெக்கறது எல்லாம் அதுதான். அந்த வாரம் பாத்து அவங்க ஊர்க் கோயில்ல நோம்பி. போயிட்டு வர்றேனுங்கன்னு போயிருச்சு. நான் ஒருத்தந்தான் பாத்துக்கிட்டேன். கஞ்சி கரைச்சு ஊத்தினேன், மூஞ்சி கை காலெல்லாம் ஈரத்துணில தொடச்சு உட்டேன். பொரட்டறதுக்கு ரெண்டு ஆளு வேணும், மயிலாத்தா வந்து பாத்துக்கட்டும்னு இருந்துட்டேன். அதுக்குத்தானுங்களே பெட்டு இருக்குது?

ஆனா மீட்டர் வெக்க மறக்கலீங்க. தெனமும் காலைல எந்திரிச்சதும் மூஞ்சி கழுவறனோ இல்லையோ, மோட்டார்ல ஊசியை வெச்சுருவேன். பேட்டரியும் மாத்தி மாத்திச் சார்ஜ் போட்டு வெச்சுக்கிட்டேன். பன்னெண்டரை. மறா நாளும் பன்னெண்டரை. துளி கொறையலை. அவ போர்டு இருந்தப்ப அஞ்சு, நான் கை வெச்சப்பறம் பன்னெண்டரை.

மோட்டாரு எப்ப நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தம் கேக்கலையான்னு எல்லாரும் கேட்டாங்க. காது மந்தமானவனைப் பாத்துச் சத்தம் கேக்கலையான்னு கேட்டா என்ன சொல்றது? கருகின வாசம் வரலையான்னு மயிலாத்தா கேட்டுச்சு. ஊடு பூரா மருந்து வாசம், சாம்பிராணி வாசம். பெட்டைத் தொட்டுப் பாத்திருக்கலாம்லன்னுச்சு. மேல போர்வை விரிச்சிருக்குது. அதுவுமில்லாம மீட்டர் கைல இருக்கறப்ப நான் எதுக்குங்க தொட்டுப் பாக்கணும்?

என்னங்க? நின்னு போன மோட்டார்லயும் பன்னெண்டரை காட்டுமா? காட்டும் காட்டும், அது தெரியாதா எனக்கு. ஒயரு வந்து சேர்ற வரைக்கும் வோல்டேஜ் இருக்குமில்ல. அதைச் சொல்லலீங்க நான். வேற நாயம் சொல்லிட்டு இருக்கறேன்.

வசந்தாமணி கட்டிலைத் தட்டிக்கிட்டே இருந்தா. எடது கைல ஒரு வளையல் போட்டிருந்தா, அதால கட்டில் கம்பியைத் தட்டுவா. எனக்குச் சத்தம் கேக்காது, கை போயிப் போயி வர்றது தெரியும். தண்ணியான்னு கேட்டேன், தலைய ஆட்டினா, இல்லைன்னு. பேனான்னு கேட்டேன். டிவியான்னு கேட்டேன். என்னதாண்டி வேணும் உனக்குன்னு கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். கையை மோட்டார் பக்கம் நீட்டினா. ஓ, இவளுக்கும் கவலையாட்டம் இருக்குதுன்னு மீட்டரை வெச்சு எண்ணை அவ மூஞ்சிக்கு நேராக் காட்டினேன். "பாரு வசந்தா, பன்னெண்டரை. உம்பொண்ணு அஞ்சு குடுத்தா, நான் பன்னெண்டரை குடுக்கறேன்"னேன். கண்ணுல தண்ணி ஊத்துச்சு. கட்டின புருசன் இத்தனை அக்கறையாப் பாத்துக்கறானேன்னு அழுவறான்னுதானுங்க நெனச்சேன். தொடச்சு உட்டேன்.

அப்பறம் தட்டலை.

நோம்பி முடிஞ்சு வந்த மயிலாத்தா அவளைப் பொரட்டிப் பாத்துட்டுக் கத்துனதுதான் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அதைச் சொல்ல வேண்டாமுங்க, பஸ்ல வர்றோம். கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். சீழு ரத்தத்துல கலந்துருச்சுன்னாங்க. அவ்வளவுதான். வசந்தாமணி போயிட்டா.

நான் மோட்டாரைப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒரசற கார்பன் கட்டை மொத்தமாத் தேஞ்சு, காயில் கன்னங்கரேல்னு கெடக்குது. மோந்து பாத்தேன். கோடைல வெவசாயிக கொண்டு வர்ற மோட்டாரு என்ன வாசமோ அதே வாசம். அஞ்சு வோல்ட்டுல ஓடி ஓடி ஏற்கெனவே சாகக் கெடந்திருக்குது மோட்டாரு. நான் பன்னெண்டரை குடுத்துக் காப்பாத்தப் பாத்தேன், நேரம் கடந்து போச்சு. முன்னமே மீட்டர் வெச்சிருக்கணும். அந்த ஒரு வருத்தம் எனக்குச் சாகற வரைக்கும் போகாதுங்க.

ஆஸ்பத்திரிக்கு வந்த சிவரஞ்சனி மொதல்ல கேட்டது என்ன தெரியுங்களா? "போர்டு எங்கப்பா?" ஆத்தாளைப் பாக்கறதுக்கு முன்னால போர்டு எங்கன்னு கேக்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அங்கயே சொன்னேன், உன்ற போர்டு அஞ்சு வோல்ட்டுதான் குடுத்துச்சு, அதுலதான் மோட்டாரு போச்சு, கழட்டி வெச்சிருக்கறேன், வேணும்னா எடுத்துக்கன்னு. அவ செவுத்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே கீழ உக்காந்தா.

எழவு ஊட்ல ஜனம் கேக்குமில்லீங்க, நல்லாத்தானே இருந்தா, எப்படிப் போனான்னு? எதையும் மறைக்கறது என்ற பழக்கம் இல்லை. கேட்டவங்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். என்ற அக்கா மாராத்தாளுக்கு வாய் நீளம். நடு ஊட்ல, எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, பொண்ணைப் பாத்துக் கேட்டுட்டா. "ஏனம்முணி, உங்கப்பன் சொல்றது நெசமா? நீ செஞ்சதுல அஞ்சுதானா?"

சிவரஞ்சனி தலை நிமுந்து என்னையப் பாத்தா. நான் துண்டை வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வசந்தாமணி போட்டோவுக்கு அப்பத்தான் மாலை போட்டிருந்தாங்க. அப்பறம் சொன்னா, "ஆமாங்கத்தை. மீட்டர்ல அஞ்சுதான் காட்டும்."

பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. இத்தனை ஜனத்து முன்னால, ஒரு சாக்கு சொல்லலை, எதுத்துப் பேசலை. தப்பை ஒத்துக்கற மனசு எத்தனை பேருக்கு வரும்? நான் வளத்த வளர்ப்பு. அந்தத் துக்கத்துலயும் எனக்கு அது ஒரு பெருமையா இருந்துச்சுங்க.

மாராத்தா ஒரே பேச்சாப் பேசிட்டா. பெத்தவளையே சோதனை பண்ணிப் பாத்துட்டயேன்னு. மத்தவங்களும் ஆளுக்கொண்ணு சொன்னாங்க. பொண்ணு தலையக் குனிஞ்சவ குனிஞ்சவதான். கருமாதி முடிஞ்சதும் கெளம்பிட்டா. பத்த வெக்கற கருவி, சாமானெல்லாம் இங்கயே உட்டுட்டுப் போயிட்டா. கம்பெனி வேலையையும் உட்டுட்டா. இப்ப ஒரு துணிக்கடைல பில்லு போடறாளாம். அத்தனை படிச்ச புள்ள.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வரன் தகஞ்சு வந்துச்சு. நல்ல எடம். பொண்ணோட ஆத்தா எப்படி எறந்தாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன். அதோட நின்னு போச்சு. ஒளிச்சு வெச்சுக் கல்யாணம் பண்ணினா நாளைக்கு அவளுக்குத்தானுங்களே கஷ்டம்?

போன் பண்ணினா மொதல்ல எடுப்பா. சாப்புட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா. அவ்வளவுதான். நான் மீட்டர்ப் பேச்சை எடுத்தாப் போதும், சரிப்பா வெக்கறேன்பா. இப்ப எடுக்கறதே இல்லை. தை மாசம் ஒருக்கா போயிருந்தேன். அவ கூடத் தங்கியிருக்கற புள்ள கதவைக் கொஞ்சமாத் தொறந்து, அக்கா ஊட்ல இல்லீங்கன்னுச்சு. வாசல்ல சிவரஞ்சனியோட செருப்பு கெடக்குது. நான்தான் அதை வாங்கிக் குடுத்தது. செருப்பைப் பாத்துட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். வந்துட்டேன்.

எனக்கு வேற ஆருங்க இருக்கறா? சமைச்சு ஒருத்தனாத் திங்கறதுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அவ ஒரு வார்த்தை பேசினாப் போதும். அதுக்குத்தான் இன்னிக்குப் போறேன். என்ன சொல்லப் போறேன்னு வழி நெடுகச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். "அம்முணி, அப்பன் உன்னைய மன்னிச்சுட்டேன். வயசு பத்தாது உனக்கு, தெரியாமப் பண்ணிட்ட. வா, ஊட்டுக்குப் போலாம்." இப்படிச் சொன்னா வருவாளா மாட்டாளா? நீங்க சொல்லுங்க.

அவ நம்பாமப் போயிருவான்னு எல்லாம் கொண்டு வந்திருக்கறேன். இந்தாங்க, இதுதான் அந்த போர்டு. இது புது மோட்டாரு, அதே மாடல். இது சின்ன பேட்டரி. சித்த இந்த ஒயரைப் புடிங்க. ஆ, ஓடுதுங்களா? இப்பப் பாருங்க, ஊசியை வெக்கறேன். என்ன எண்ணு? கண்ணாடி போடலை, நீங்க படிங்க.

அஞ்சு. அதுதான். ஒண்ணுமே மாறலை பாத்தீங்களா?

ஏனுங்க மோட்டாரைத் தொட்டுப் பாக்கறீங்க? சூடு இல்லீங்களா? ஆமா, இருக்காது. பாதிதானே ஓடுது, எப்படிச் சூடாகும்?

என்னது? சத்தமா. காட்டும்னு சொன்னாளா, வரும்னு சொன்னாளாவா? காட்டும்னுதான் சொன்னா. மீட்டர்ல அஞ்சுதான் காட்டும்னா. ரெண்டும் ஒண்ணுதானுங்களே. ஏன், ரெண்டும் வேற வேறயா?

தம்பி. ஏனுங்க அப்படியே உக்காந்துட்டீங்க? இதுதாங்க எனக்குப் புரிய மாட்டேங்குது. கோயமுத்தூர்ல ஒரு கடைக்காரர்கிட்ட போர்டைக் காட்டினேன். மொதல்ல சிரிச்சுக்கிட்டே, மீட்டரு சராசரியத்தான் காட்டும்னு என்னமோ வெளக்க வந்தாரு. நான் முழுக் கதையும் சொன்னப்பறம் வாயை மூடிக்கிட்டு, டீ சாப்புடுங்கன்னாரு. சிவரஞ்சனி கூட வேலை பாத்த பையன் ஒருத்தன், அவனும் அப்படித்தான், கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டான். வெவரம் தெரிஞ்சவங்க ஆரும் எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. நான் என்ன புலியா, கரடியா?

என்ன? டைரக்டாக் குடுத்துப் பாக்கலாமாவா?

வேண்டாமுங்க.

வேண்டாம் தம்பி, ஒயரை எடுங்க. எடுங்கன்னா. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. காதுதான் கேக்காதேங்கறீங்களா? கேக்காதுதான். பஸ்ஸு சத்தம் கேக்கலை, நீங்க பேசறது பாதி கேக்கலை. அது மட்டும் கேக்குது. படுத்தாக் கேக்குது. அதுக்குள்ள ஒரு வளையல் தட்டற சத்தமும் கேக்குது, அப்பக் கேக்காதது இப்பக் கேக்குது. குடுங்க, பையில போட்டுக்கறேன்.

ஓசூரு வந்துருச்சாட்டம் இருக்குது. எறங்கறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. நீங்க உங்க கண்ணால பாத்தீங்கல்ல, அஞ்சு காட்டுச்சுல்ல? பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க போதும். வேற ஒண்ணும் வேண்டாம். தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க.

சத்தமாச் சொல்லுங்க தம்பி. எனக்குக் காது கேக்காது.